சாய்ந்த நிலமும் சாய்ந்த கோடும்

ஆயர் ஈத்தாமில் எல்லைக்கல் நாட்டும் நில அளவையாளரின் கணக்கு, ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்கு அப்பால் ஜார்ஜ் டவுன் கடற்கரையிலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்குகின்றது. பினாங்கின் மனை அளவைக்கு அதுவே மூலப்புள்ளி. வளைந்த புவியைத் தட்டைத் தாளில் இடுவதால் நேரும் பிழை, இங்கே காசினி முறையில் கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டரும் ஆகாது.

ஆயினும் கெடாவுக்கும் பேராக்குக்கும் மூலப்புள்ளிகள் வேறு. தனித்தனியே செம்மையான படங்கள் எல்லையில் ஒன்றோடொன்று பொருந்தா. நாடு முழுவதற்கும் ஒரே படம் வேண்டுமெனில் யாது செய்வது?

தீபகற்பமோ 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கின்றது. நடுவே நேர் வடக்கு தெற்காகக் கோடிட்டால், பெர்லிசும் கிழக்கு ஜோகூரும் அதிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் விலகும். அங்கே கிலோமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் அளவில் நீட்சி உண்டாகும். காசினி முறையில் அந்நீட்சி ஒரு திசையில் மட்டும் நிகழ்வதால் கோணமும் கெடும். கோணம் கெடாத வரைவின் பொது இலக்கணத்தைக் கணித மேதை காஸ் 1822-லேயே வகுத்திருந்தார்.

அதனை மலாயாவுக்குப் பொருத்தியவர் மார்ட்டின் ஹோட்டின் என்னும் ஆங்கில அளவையாளர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் நடுக்கோட்டையே நிலத்தின் முதுகெலும்பு போலச் சாய்த்தார். வடக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 37 பாகை. அக்கோட்டின்மீது அளவு 0.99984 மடங்கு, அதாவது, கிலோமீட்டருக்கு 16 சென்டிமீட்டர் குறைவு. இருபுறமும் ஏறத்தாழ 114 கிலோமீட்டரில் அளவு சரியாகும். 160 கிலோமீட்டரிலும் மிகுதி 16 சென்டிமீட்டர் அளவே.

புவி முழு உருண்டையன்று. அதற்கு அவர் கொண்ட எவரெஸ்டின் புவியுருவம், லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கிய அளவையின் வழிவந்தது. அதனை முதலில் வளைவு எங்கும் ஒன்றான பரப்பொன்றிலும், பின்னர்த் தாளிலும் கோணம் மாறாது இறக்கினார். நடுக்கோட்டில் அளவின் மாறாமை ஏறத்தாழ அமைந்தாற் போதுமென விட்டுக்கொடுத்தார்.

கணிப்பொறிக் கணிதமும் இதனையே உணர்த்துகின்றது. அகலத்தைப்போல் 10 மடங்கு நீண்ட செவ்வகத்தைக் கோணம் மாறாது வட்டமாக்கி, அதன் நடுவை வட்டத்தின் மையத்தில் வைத்தால், இரு குறும்பக்கங்களும் சேர்ந்து பெறுவது சுற்றளவில் கோடியில் 4 பங்கினும் குறைவு. ஆதலின் நீண்ட உருவுக்கு நீண்ட செவ்வகத்தையே இலக்காகக் கொள்வர்.

2003-இல் மலேசியா புதிய அளவை அடிப்படையை ஏற்றபோதும் சாய்ந்த கோடு நிலைத்தது. ஆயர் ஈத்தாம் மனைக்குக் கோட்டை போதும். அம்மனை நாட்டுப் படத்தில் தன் இடத்தைப் பெறுவது இக்கோட்டாலேயே.