பலமுரிக் கட்டும் மைசூருவின் கோடையும்

ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மைசூருவிலிருந்து கே.ஆர்.எஸ். சாலையில் செல்லும் ஆட்டோக்களிலும் இருசக்கர வண்டிகளிலும் துண்டுகளையும் சாப்பாட்டுத் தூக்குகளையும் காணலாம். அவற்றில் பல அணை வரை போவதில்லை. வழியில் பெலகொள பக்கம் திரும்பிப் பலமுரிக்குச் சென்றுவிடுகின்றன. அங்கே காவிரியின் குறுக்கே பழைய கல் அணை ஒன்று கிடக்கிறது. கோடையில் ஆறு அதன் முகட்டின்மீது மெல்லிய தகடாகப் பரவி வழியும். கணுக்கால் அளவு ஓட்டத்தில் குழந்தைகள் உட்கார்ந்து விளையாடுவார்கள். பாட்டிமார் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு கல்லில் அமர்ந்திருப்பார்கள். வண்டி நிறுத்தக் கொடுக்கும் சில்லறையைத் தவிர, நீரில் இறங்க யாரும் சீட்டு வாங்குவதில்லை.

மேலை நாட்டு நகராட்சிகள் பூங்காக்களில் ‘ஸ்பிளாஷ் பேட்’ என்ற பெயரில் அமைத்துவரும் நீர்விளையாட்டுத் தளங்களின் இலக்கணம் எளியது: நீர் மேலிருந்தோ தரையிலிருந்தோ பீய்ச்சும், தேங்காமல் உடனே வடிந்துவிடும், ஆழம் இராது. பலமுரிக் கட்டின் முகடு கோடையில் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது விளையாட்டுக்காகக் கட்டப்படவில்லை. மைசூருக் குடும்பங்களின் கோடைக்கால நீராட்டைப் பற்றி வரலாற்று நோக்கில் எதைச் சொல்வதானாலும் இந்த முரணிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிய காவிரிப் பகுதி பதினேழாம் நூற்றாண்டிலேயே பாசனக் கட்டுகளால் நிறைந்த ஒன்று. கண்டீரவ நரசராஜ உடையார் (1638–1659) காலத்துப் பங்காரதொட்டிக் கால்வாய் ஆற்றின் ஒரு கிளையையே பாலத்தின் வழியே கடந்து தீவுக் கோட்டைக்குள் நீரைக் கொண்டுசென்றது. சிக்கதேவராஜ உடையார் (1673–1704) பெயரால் இன்னொரு கால்வாய் இன்றும் ஓடுகிறது. பலமுரிக் கட்டிலிருந்து பிரிவது விரிஜா கால்வாய். இவற்றை எழுப்பியவர்களின் நோக்கம் ஆற்றைத் தடுத்து நிறுத்துவதன்று. அதன் மட்டத்தைச் சில அடிகள் உயர்த்திப் பக்கவாட்டுக் கால்வாயில் இறங்கச் செய்வதே. எஞ்சிய நீர் கட்டின் தலைமேல் ஏறி வழிந்து போகட்டும் என்று விட்டார்கள். கன்னடத்தில் ‘கட்டெ’, தமிழில் ‘கட்டு’. ஆங்கிலேயப் பொறியாளர்கள் இவ்வகை அமைப்புக்கு நம் ‘அணைக்கட்டு’ என்ற சொல்லையே சற்றுத் திரித்து வைத்துக்கொண்டதற்குக் காரணம், அந்தப் பொருளுக்கு அவர்களிடம் வேறு நல்ல சொல் இல்லாததாக இருக்கலாம்.

ஆழமான ஓர் ஆறு குழந்தைகள் உட்காரக்கூடிய இடமாக மாறுவது இந்தத் தலைமேல் வழியும் நீரால்தான். குறுகலான மடுவில் ஆளை மூழ்கடிக்கும் அளவு நீர், நீண்ட கல்வரிசையின்மேல் பரவும்போது சில அங்குல ஆழத்துக்கு மெலிந்துவிடுகிறது. ஓட்டமும் நிற்பதில்லை, ஆதலால் குட்டை நீரின் நாற்றமும் இல்லை. பொறியியல் நோக்கில் இது வீணாகும் நீர். வயலுக்குப் போகாதது, கணக்கில் ‘மிகை’ என எழுதப்படுவது. அந்த மிகையில்தான் மைசூரு நகரம் மூன்று நூற்றாண்டுகள் கழித்துத் தன் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறது.

இதே ஆற்றில், சில கிலோமீட்டர் மேலே, நீரைப் பொழுதுபோக்காக்கும் வேறொரு முயற்சி திட்டமிட்டே நடந்தது. கண்ணம்பாடியில் 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர அணை 1930களின் தொடக்கத்தில் முடிவுற்றது. சிமெண்ட் இன்றிச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுந்த சுவர் அது. விஸ்வேஸ்வரய்யா வகுத்த அணையின் காலடியில் திவான் மிர்சா இஸ்மாயில் தோட்டம் ஒன்றை உருவாக்க விரும்பினார். 1927இல் தொடங்கி 1932இல் நிறைவுற்ற பிருந்தாவனத் தோட்டத்துக்கு மாதிரி காஷ்மீரத்தின் ஷாலிமார். தாவர வடிவமைப்பு லால்பாக்கில் பணியாற்றிய ஜெர்மானியர் கிரும்பீகலுடையது. படிப்படியாக இறங்கும் வாய்க்கால்கள், விளக்கொளியில் நிறம் மாறும் நீரூற்றுகள், பிற்காலத்தில் இசைக்கு ஆடும் பீய்ச்சல்கள். தமிழ்த் திரைப்படங்களில் காதலர் ஓடிப் பாடிய தோட்டம் என்று ஒரு தலைமுறை இதை நினைவில் வைத்திருக்கிறது.

தோட்டத்தின் நீர் முழுக்கவும் காட்சிக்குரியது. அதைச் சுற்றி நடக்கலாம், படம் எடுக்கலாம், மாலையில் விளக்கேற்றும்போது வியக்கலாம், இறங்க முடியாது. முகலாயத் தோட்டக்கலையின் இயல்பே அது: நீர் ஆட்சியின் ஒழுங்கைக் கண்முன் நிறுத்தும். மைசூரு சமஸ்தானம் தன்னை ‘மாதிரி அரசு’ எனக் காட்டிக்கொண்ட காலத்தில், அடங்கிய ஆறு அழகாக நடப்பதைக் குடிமக்கள் காண்பது பொருத்தமான பாடமாகத் தோன்றியிருக்கும். குடியாட்சியிலும் இந்தப் பழக்கம் முற்றிலும் போகவில்லை. அணை நிரம்பும் ஆண்டுகளில் முதலமைச்சர் வந்து ஆற்றுக்குப் ‘பாகினம்’ அளிக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. மேட்டூருக்குக் கீழே தமிழ்நாட்டில் ஆடிப்பெருக்கன்று குடும்பங்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு நேராகப் படித்துறையில் இறங்குவதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பரிபாடல் காலத்து வையைப் புனலாட்டிலிருந்து தொடரும் மரபு அது. ஒன்றில் நீர் வணங்கப்படுகிறது, காணப்படுகிறது. மற்றொன்றில் வணங்கியபின் உடல் நனைகிறது.

நனைவதற்கு யாருக்கு உரிமை என்ற கேள்வியை ‘இலவசம்’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. இந்தியாவின் பொதுநீர் பெரும்பாலும் காசு கேட்டதில்லை, பிறப்பைக் கேட்டது. 1927 மார்ச் 20 அன்று மஹாடின் சவதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் இறங்கி நீர் அருந்தியபோது அங்கே கட்டணம் எதுவும் இல்லை. நகராட்சி அந்தக் குளத்தை முன்பே எல்லாருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானமும் இருந்தது. ஆயினும் அடுத்து நடந்தவை தாக்குதலும், 108 குடங்களால் குளத்துக்குச் செய்யப்பட்ட ‘தீட்டுக் கழிப்பு’மே. வழக்கு முடிந்து உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. தமிழகக் கோயில் குளங்களின் படிகளுக்கும் இதற்கு இணையான வரலாறு உண்டு.

இந்தப் பின்னணியில்தான் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படிக்கவேண்டும். அரசு நிதியில் முழுதாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை, பொது இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது அது. குளிக்கும் படித்துறையை ஓர் அரசியலமைப்பு தனியே பெயரிட்டுச் சொல்லியிருப்பது உலக அளவில் வியப்புக்குரியது. ஆனால் இதன் எல்லையும் தெளிவு: இருக்கும் படித்துறையில் ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கிறதே ஒழிய, படித்துறை ஒன்று இருந்தாக வேண்டும் என்று அது சொல்வதில்லை.

அந்த இடைவெளியில் எவ்வளவு நிகழமுடியும் என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம். பெருமந்தக் காலத்தில் அரசு வேலைத்திட்ட நிதியில் நியூயார்க் நகரம் 1936 கோடையில் மட்டும் பதினொரு பெரிய நீச்சல்குளங்களைத் திறந்தது. ஒரு தலைமுறை கழித்து, நிறப்பாகுபாட்டை நீக்க நீதிமன்றங்கள் ஆணையிட்டபோது, தென்மாநில நகரங்கள் சில குளங்களைப் பகிர்வதற்குப் பதில் மூடிவிட்டன. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் அவ்வாறு மூடியது சட்டப்படி செல்லும் என்று 1971இல் உச்சநீதிமன்றமே சொன்னது. எல்லாருக்கும் மூடினால் அது பாகுபாடு அன்றாம். இருக்கும் குளத்தில் மட்டும் சமத்துவம் பேசும் சட்டத்தின் ஓட்டை வழியே குளமே வெளியேறிவிட்ட கதை இது.

இந்தியாவில் குளத்தை மூட யாரும் தீர்ப்பு வாங்கவில்லை. அது வேறு வழிகளில் கைவிட்டுப் போனது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864இல் அமைத்த குக்கரஹள்ளி ஏரி மைசூருவின் நடுவிலேயே இருக்கிறது. கழிவுநீர் கலந்து, பின்பு மீட்கப்பட்டு, இன்று நடைப்பயிற்சிக்கும் பறவை நோக்குவதற்கும் உரிய அழகிய கரை அது. குளிப்பதற்குரிய நீர் அன்று. பிருந்தாவனத்தைப் போலவே இதுவும் பார்க்கும் நீராகிவிட்டது. குளிக்கும் நீர் சந்தைக்குச் சென்றது: தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தா, கொச்சியில் 2000இல் வீகாலேண்ட், 2005இல் பெங்களூரு வொண்டர்லா. மைசூருவின் நீர்விளையாட்டுப் பூங்கா அமைந்திருப்பது, பலமுரிக்குப் போகும் அதே கே.ஆர்.எஸ். சாலையில். ஐந்து பேர் கொண்ட குடும்பம் அங்கே உள்ளே செல்லும் செலவையும் நாட்கூலியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஏன் சில வண்டிகள் நிற்காமல் பெலகொளவை நோக்கிப் போகின்றன என்பதற்குத் தனி ஆய்வு தேவைப்படாது.

இதனால் பலமுரியைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. கட்டின் முகட்டில் ஆழமில்லை. அடுத்த நாலடியில் என்ன இருக்கிறது என்பது வேறு. முகட்டிலிருந்து விழும் நீர் அடிவாரத்தைத் தோண்டித் தோண்டி மடு உண்டாக்குகிறது. விழுந்த நீர் மேற்பரப்பில் சுவரை நோக்கித் திரும்பிச் சுழல்வதால், வெள்ளக்காலத்தில் அங்கே அகப்பட்டவரை அது வெளியே விடுவதில்லை. நீந்தத் தெரிந்தவரும் தப்புவது கடினம். கற்களில் பாசி. மேலே உள்ள அணையிலிருந்து நீர் திறந்தால் மட்டம் ஏறும். ஸ்பிளாஷ் பேட் என்ற அமைப்பு பாதுகாப்பானதாவது ஆழத்தை ஒழிப்பதால். பலமுரி ஆழத்தை ஒழிக்கவில்லை, இரண்டு அடி தள்ளி வைத்திருக்கிறது. உயிர்கள் போயிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தடை பற்றிய பேச்சு எழுகிறது. தடை விதித்தால் காசுள்ளவர் சீட்டு வாங்குவார். இல்லாதவர் கூட்டமும் இல்லாத, கயிறு வீச ஆளும் இல்லாத வேறொரு துறையைத் தேடுவார்.

இடம் நகரத்துக்குரியதும் அன்று. குளிப்பவர் பெரும்பாலும் மைசூருவினர், நிலம் மண்டியா மாவட்டம், கட்டு பாசனத்துக்குரியது. பாசனத் துறை எதுவானாலும் அதன் பொறுப்புப் பட்டியலில் மதகும் கரையும் இருக்கும். முகட்டில் உட்காரும் குழந்தை இராது. பெண்கள் ஈர உடை மாற்ற நான்கு சுவர் எழுப்புவது யாருடைய வேலை என்பதும் அப்படியே.

குற்றாலத்தை இங்கே நினைக்கலாம். பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம், வெள்ளம் பெருகினால் காவலர் குளியலை நிறுத்தும் வழக்கம், உடைமாற்றும் அறை. பலகாலமாக அரசு ஓர் இயற்கை நீர்வரத்தைக் குளியலிடமாகவே ஏற்று நடத்திவருவதன் விளைவு இது. அங்கும் ஆபத்து ஒழியவில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று. ஆனால் அங்கே அந்த மரணத்துக்குப் பின் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை.

செயற்கைத் தளங்களே தீர்வு என்பாருக்கும் வரலாறு சில சொல்லும். 2005இல் நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஏரிப் பூங்காவில் நீர்பீய்ச்சுத் தளம் ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குடல்நோய்க்கு ஆளாயினர். குழந்தைகளின் உடலைக் கழுவிய நீரே தொட்டிக்குத் திரும்பி மீண்டும் பீய்ச்சப்பட்டது. அதில் கலந்த ஒட்டுண்ணி குளோரினுக்கு எளிதில் அடங்காத வகை. அதன்பின்னரே அம்மாநிலம் இத்தகைய தளங்களுக்கென விதிகள் வகுத்தது. நீரைச் சுழற்றிப் பயன்படுத்தினால் சுத்திகரிப்புச் செலவு. சுழற்றாமல் விட்டால் குடிநீர்ச் செலவு. தென்னிந்தியக் கோடையில் இரண்டாவது செலவு எப்படிப் பார்க்கப்படும் என்பதை 2024 மார்ச் காட்டியது. காவிரி நீரை நம்பிய பெங்களூருவில் வாகனம் கழுவுதல், தோட்டம், நீரூற்று, நீச்சல்குளம் ஆகியவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5000 ரூபாய் அபராதம். நியாயமான ஆணைதான். குழந்தைகள் நீரில் விளையாடவேண்டிய மாதமும் நகரம் நீரை மறுக்கவேண்டிய மாதமும் ஒன்றே என்பதை அதனால் மறக்கமுடியாது.

பலமுரிக்கு வரும் நீருக்கும் இக்கணக்கு உண்டு. கிருஷ்ணராஜ சாகரத்தின் முழு மட்டம் 124.80 அடி. கோடையில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது, குடிநீருக்கு எவ்வளவு, கால்வாய்களுக்கு எவ்வளவு, எல்லை தாண்டி எவ்வளவு என்று பிரித்தபின் ஆற்றில் விடப்படுவதே கட்டை வந்தடையும். அதில் விரிஜா கால்வாயின் பங்கு முதலில் பக்கவாட்டில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு முகட்டில் வழிய மீதி இருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நீர் உண்டு. இல்லையெனில் தூக்குச் சட்டிகளோடு வந்தவர்கள் காய்ந்த கல்லில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.