உமிழ்நீர் உரைக்கும் வரலாறு

எச்சில் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்காதவர் நம்மிடையே அரியர். எச்சிற் பண்டத்தை விலக்குகிறோம். எச்சிற் கையால் பாத்திரத்தைத் தொட்டால் கடிந்துகொள்கிறோம். தூய்மை கருதி எழுந்த இப்பழக்கம் நல்லதே. ஆயினும் அருவருப்பு அறிவுக்குத் தடையாகிவிடலாகாது. வாயை விட்டு வெளிவந்தால் நாம் வெறுக்கும் இந்நீர், வாய்க்குள் இருக்கும்வரை நமக்கு நல்ல துணைவன். அதன் இயல்பை மனிதன் படிப்படியாக அறிந்த கதை மாணவர் கேட்கத் தக்கது.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர், உமிழ்நீர் பல நோய்களுக்கு மருந்து என்றும், பாம்புகளிடமிருந்து காக்கும் என்றும் எழுதிவைத்தார். அங்கே நம்பிக்கை இருந்தது, சோதனை இல்லை. சோதனை பிறக்க நெடுங்காலம் ஆயிற்று.

1660-ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாம் நகரில், ஜெரார்டு பிளாசியஸ் என்னும் ஆசிரியரின் இல்லத்தில் தங்கி மருத்துவம் பயின்றார் நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டேனிய இளைஞர். அவருக்கு அப்போது வயது 22. ஒருநாள் ஆட்டுத்தலை ஒன்றைத் தனியே அறுத்து ஆராய்கையில், புலப்பட்ட நாளம் ஒன்றில் மெல்லிய கம்பியைச் செலுத்தினார். கம்பி வாய்க்குள் சென்று பல்லில் மோதி ஒலித்தது. காதருகே உள்ள சுரப்பியிலிருந்து உமிழ்நீர் வரும் வழி அதுவே. ஆசிரியரோ, கருவி குத்தியதால் உண்டான துளையாக இருக்கும் என்று தள்ளிவிட்டார். பின்னர் அக்கண்டுபிடிப்பு தம்முடையதே என உரிமை கொண்டாடினார். மாணவர் தளரவில்லை. லெய்டன் பல்கலைக்கழகத்தில் மேலும் ஆராய்ந்து, 1662-இல் நூலாக வெளியிட்டார். இன்றும் அந்நாளம் மாணவரின் பெயராலேயே வழங்குகிறது.

வழி தெரிந்தது; ஆனால் அந்நீர் செய்யும் வேலை தெளிவாகவில்லை. 1831-இல் லூக்ஸ் என்னும் ஜெர்மானியர், உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதைக் கண்டார். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? அமிலேஸ் என்னும் நொதியின் செயல் அது.

இதை வகுப்பில் பல ஆண்டுகள் செய்து காட்டியிருக்கிறேன். கஞ்சியில் அயோடின் விட்டால் நீலம் தோன்றும். உமிழ்நீர் கலந்து சற்று நேரம் வைத்த கஞ்சியில் தோன்றாது. ஒருமுறை ஒரு மாணவன், "ஐயா, என் குழாயில் நீலம் அப்படியே இருக்கிறது" என்றான். "சரியாகச் செய்திருக்க மாட்டாய்" என்று கடிந்தேன். மாலையில் விசாரித்தபோது, உமிழ்நீர் இருந்த குழாயை அவன் கொதிநீரில் வைத்திருந்தது தெரிந்தது. கொதிக்கவைத்தால் நொதி செயலிழக்கும் என்ற உண்மை அவன் கையில் இருந்தது. பிளாசியஸ் செய்த பிழையை நான் செய்திருந்தேன். மறுநாள் அவனையே வகுப்பில் செய்து காட்டச் சொன்னேன்.

1922-இல் அலெக்சாண்டர் பிளெமிங், சில கிருமிகளைக் கரைக்கும் லைசோசைம் என்னும் பொருளைப் பற்றி வெளியிட்டார். தம் மூக்குச் சளியில் முதலில் கண்ட அது, கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ளது. பெனிசிலினை அவர் கண்டது அதற்குப் பின்னர், 1928-இல்தான்.

பழம்பெரும் ஓவியங்களையும் சிற்பங்களையும் செப்பனிடுவோர், உமிழ்நீரில் நனைத்த பஞ்சால் அழுக்கை மெல்லத் துடைப்பது நெடுநாள் வழக்கம். 1990-இல் போர்த்துக்கீசிய வல்லுநர் மூவர் இதனைச் சோதித்து, அவ்வழக்கம் பயனுடையதே என்று கண்டனர். அழுக்கை நீக்குவதில் அமிலேஸுக்கே பெரும்பங்கு என்றும் உரைத்தனர்.

உமிழ்நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் நீரே. எஞ்சிய சிறு பங்கே இத்தனையும் செய்கிறது. அதற்காகப் புண்ணில் எச்சிலைத் தடவ வேண்டா. தெருவில் துப்பவும் வேண்டா. நோய்க்கிருமிகளும் அதில் உண்டு.

மாணவர்களே, ஆசிரியர் சொல்லை மதியுங்கள். ஆயினும் உங்கள் கம்பி பல்லில் மோதி ஒலித்தால், அவ்வொலியை யார் மறுத்தாலும் மறவாதீர்கள்.