தொலைநிலை லினக்சு பணிமேடை

தொலைநிலை லினக்சு பணிமேடை என்பது, மேகக் கணிமைத் தரவு மையமொன்றில் இயங்கும் மெய்நிகர் கணினியின் லினக்சுப் பணிச்சூழலை, இணையத்தின் ஊடாக வேறோரிடத்தில் உள்ள பயனரின் திரையில் வழங்கும் முறை ஆகும். நிரல்கள் யாவும் மெய்நிகர் கணினியிலேயே இயங்குகின்றன. பயனரின் கணினி திரைக்காட்சியைப் பெற்று, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் உள்ளீடுகளை அனுப்புகிறது. அமேசான் நிறுவனம் 2018 இல் தனது ஒர்க்சுபேசசு சேவையில் லினக்சு பணிமேடைகளையும் சேர்த்தது.

இக்கருத்து மேகக் கணிமைக்கு மூத்தது. 1984 இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்சு சாளர முறைமை, வலையமைப்பு வழி இயங்குமாறே வடிவமைக்கப்பட்டது. (இதில் பயனரின் திரையை ஆளும் நிரலே "வழங்கி" எனப்படுவது புதியவர்களைக் குழப்புவதுண்டு.) ஆயினும் எக்சு நெறிமுறையில் ஒரு சாளரத்தைத் திறக்கவே பல வினாக்களும் விடைகளும் மாறிமாறிச் செல்லவேண்டும். சுற்றொன்றுக்கு 200 மில்லிநொடி எடுக்கும் இணைப்பில் 50 சுற்றுகளுக்கு 10 நொடி கழிந்துவிடும். இணைப்பின் கொள்ளளவைக் கூட்டினாலும் இத்தாமதம் நீங்காது.

வி.என்.சி, வரைகட்டளைகளுக்குப் பதிலாகத் திரையில் மாறிய பகுதிகளைப் படமாக அனுப்புகிறது. நோமெசின் நிறுவனத்தின் என்.எக்சு நுட்பமோ எக்சு நெறிமுறையையே சுருக்கி, சுற்றுகளைக் குறைத்தது. அதன் கட்டற்ற நூலகங்களைக் கொண்டு எழுந்ததே எக்சு2கோ. இதில் இணைப்பு அறுந்தாலும் அமர்வு மெய்நிகர் கணினியில் காத்திருக்கும். செலவைக் குறைக்க அக்கணினியையே நிறுத்தினால் அமர்வும் அழிந்துவிடும்.

பாதுகாப்பு

வி.என்.சியின் மரபான கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கருத்திற்கொள்ளும். அதன் அடிப்படை நெறிமுறை திரைக்காட்சியை மறையாக்குவதுமில்லை. எனவே 5901 போன்ற துறைகளை இணையத்திற்குத் திறந்துவிடாது, எசு.எசு.எச் சுரங்கவழி இணைப்பதே தக்கது. எக்சு2கோ இயல்பிலேயே எசு.எசு.எச் வழி இயங்குகிறது.