எந்த மைனர்?

மொறிஸ் மைனருக்குச் சாமான் தேடுகிற எவரும் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. பேர் ஒன்றுதான். ஆனால் அந்தப் பேருக்குள்ளே நாலு கார் இருக்கிறது.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்தச் சின்னக் கார் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. அப்போது அதற்குள் இருந்தது 918 சிசி எஞ்சின். 1952இல் மொறிசும் ஒஸ்ரினும் ஒன்றாகி பி.எம்.சி. ஆனபிறகு, ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் மைனருக்குள் இறங்கியது. 1956இல் அது 948 ஆனது, 1962இல் 1098. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே ஆமை முதுகுதான்.

மெக்கானிக்குக்கு அப்படியில்லை. பழைய மொறிஸ் எஞ்சின்களின் ஆணிகளில் மரை மில்லிமீற்றர் கணக்கு. தலை மட்டும் பிரிட்டிஷ் விற்வேத் ஸ்பானருக்குப் பொருந்தும். ஏன் இந்தக் குழப்பம்? மொறிசுக்கு ஆரம்பத்தில் எஞ்சின் செய்துகொடுத்தது, கொவென்றியில் இருந்த ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பனியின் தொழிற்சாலை. அங்கிருந்த இயந்திரங்கள் மெற்றிக் மரைதான் வெட்டும். ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்குகளின் கையில் இருந்ததோ விற்வேத் ஸ்பானர். ஆகவே தலையை மட்டும் அவர்களுக்கு ஏற்றபடி செய்தார்கள். 1923இல் மொறிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை. ஒஸ்ரின் எஞ்சினிலோ மரை அங்குலக் கணக்கு. ஒன்றின் ஆணியை மற்றதில் முறுக்கினால் மரை போய்விடும்.

பிரேக்கும் அப்படித்தான். 1098 வந்தபோது முன் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகியது. சரி, காரின் ஆண்டைப் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். அதுவும் போதாது. பல கை மாறிய காரில் எஞ்சினும் மாறியிருக்கலாம். எஞ்சின் எண்ணைப் பார்க்கவேண்டும்: 1098 என்றால் 10இல் தொடங்கும், பிந்திய 948 என்றால் 9இல் தொடங்கும்.

இந்த நுணுக்கமெல்லாம் இலங்கையில் பொழுதுபோக்காக வந்த அறிவு இல்லை. 1960களில் அந்நியச் செலாவணி வறண்டு, கார் இறக்குமதி நெருக்கப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. அதற்கிடையில், 1971இல், இங்கிலாந்து மைனர் செய்வதையே நிறுத்திவிட்டது. புதுக் கார் வராது, சாமானும் குறைவு. ஆனால் டாக்டர்மாரும் ஆசிரியர்மாரும் வாங்கிய மைனர்கள் ஓடத்தானே வேண்டும்? லேத் பட்டறையும் தகர வேலைக்காரரும் அந்த இடத்தை நிரப்பினார்கள். பழைய சாமானை அளந்து, அதைப்போல இன்னொன்று செய்யப் பழகினார்கள்.

அந்தக் கைப்பழக்கம் போய்ச்சேர்ந்த இடந்தான் ஆச்சரியம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ள்ஸ் வெயர், ஒரு காரைத் தூக்கி எறியாமல் காலம்பூராவும் திருத்தி ஓடலாம் என்று வாதாடிய மனுஷர். அதற்கு விடாமல் சாமான் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அவர் இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து தென்னிலங்கையில் டியூரபிள் கார் கம்பனியைத் தொடங்கினார். மைனரின் உடல் தகடுகள் உட்படப் பல பாகங்கள் அங்கே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. இறக்குமதிக் காரின் சாமான் ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது!

அதே வருஷங்களில் அதே தீவின் வடக்கில் என்ன நடந்தது? 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடை. யாழ்ப்பாணத்து மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 918, 803 எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7ஐ ஒட்டியது என்பதால் அது தாங்கியது. ஆனால் சும்மா தாங்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் மெலிந்தால் பெயாரிங்கும் றிங்கும் தேயும். அதாவது, சாமான் கிடைக்காத ஊரில், கிடைத்த எரிபொருளே சாமானைத் தின்றது. அந்தக் கார்கள்தான் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வேண்டியிருந்தது.

மைனருக்கான தகடு தெற்கிலிருந்து கடல் கடந்து பாத் வரைக்கும் போக முடிந்தது. அன்று வவுனியாவைத் தாண்டி யாழ்ப்பாணம் வரமுடியவில்லை. சரியான சாமான் என்றால் மரையும் அளவும் மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு மைனர் நின்றால் ஒரு வேண்டுகோள். எஞ்சின் எண்ணை எழுதி வையுங்கோ. தேய்ந்த சாமானை எறியாதேங்கோ. புதிதாக ஒன்று செய்யிறவருக்கு அதுதான் அளவுகோல்.