இறுத்தல்

இலங்கைத் தமிழில் மாநகர சபைக்கு வரி செலுத்துபவர் 'வரியிறுப்பாளர்'. இறுத்தல் என்றால் செலுத்தித் தீர்த்தல். கடன் இறுப்பதும் அதுவே. வரிக்கு வழங்கிய 'இறை' என்ற பழம்பெயர் இந்த வினைக்கு உறவு. அதே இறுத்தலுக்கு மறுமொழி கூறுதல் என்ற பொருளும் உண்டு, விடையிறுத்தல் என்கிறோம். நன்னூல் விடையையே 'இறை' என்று குறிக்கிறது. தற்செயல் ஒலியொப்புமை என்று இதைத் தள்ளிவிட முடியாது: வரியும் விடையும் இரண்டுமே தீர்க்க வேண்டிய கடன்.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாசலில் பதித்த வீட்டிலக்கமே வரி மதிப்பீட்டு இலக்கம்தான். காலாண்டுதோறும் சோலைவரி இறுக்கும் அந்த வீட்டாருக்கு, 2023 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல், விடையிறுக்கத் தெரிவுசெய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. வரி மட்டும் நிற்கவில்லை. கணக்காய்வாளர் நாயகம் பார்க்கிறாரே, போதாதா என்பார்கள். போதாது. கணக்காய்வு காசு செலவான பிறகு வருவது; தன் ஒழுங்கை வடிகானுக்கு என்ன செலவானது என்று கேட்பவருக்கு அது நேர்விடை ஆகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, அந்தக் கோரிக்கைக்கு 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.