கருக்கட்டிய கைகள்

திருவிளையாடற் புராணத்து இரசவாதம் செய்த படலத்தை அன்பர்கள் பலகாலும் கேட்டிருப்பர். திருப்பூவணத்துப் பொன்னனையாள் இறைவனுக்குத் திருவுருவம் சமைக்க விழைந்தாள். நாள்தோறும் அடியார்க்கு அமுதளித்து வந்தமையால் கையிற் பொன் இல்லை. சித்தராய் வந்த பெருமான் அவள் இல்லத்து உலோகக் கலங்களைப் பொன்னாக்கி அருளினார். அவ்விடத்தே பரஞ்சோதி முனிவர் ஆளும் சொல்லொன்று சிந்திக்கற்பாலது. திருவுருவுக்குக் ‘கருக்கட்டி’ வைத்திருப்பதாக அவள் கூறுகின்றாள். இது வார்ப்புப் பட்டறையில் வழங்கும் சொல். பொன் வருமுன்னரே உழைப்பின் பெரும்பகுதி முடிந்திருந்தது என்பது இதனாற் புலனாம். அக்கருவைக் கட்டிய கம்மியர் பெயரைப் புராணம் கூறிற்றிலது.

கருக்கட்டுதல் எளிய செயலன்று. தேன்மெழுகோடு குங்கிலியம் கூட்டி உருக்கி, தென்னையோலை நறுக்கை மடித்துத் தாள அளவு கொண்டு, திருவுருவம் முழுவதையும் முதலில் மெழுகிலேயே சமைப்பர். அதன்மேல் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி நிழலிற் காயவிடுவர். பின்னர்த் தடித்த மண் அப்பி இரும்புக் கம்பியாற் கட்டுவர். தீயிலிட மெழுகு உருகி ஒழுகிவிடும். உள்ளே உருவின் வெற்றிடமே எஞ்சும். அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் கருவை உடைத்தே திருமேனியை வெளிக்கொணர வேண்டுமாதலின், ஒரு கருவினின்று இரண்டாவது திருமேனி எடுத்தல் இயலாது.

1010-ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்ட தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் செப்புத் திருமேனிகளை முழமும் விரலுமாக அளந்து கூறும். அணிகலன்களைக் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாக நிறுத்துக் கூறும். எழுந்தருளுவித்த மன்னன் பெயரும் அவன் தமக்கை குந்தவையார் பெயரும் அங்கே விளங்குகின்றன. தச்சருள் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் உளது. திருமேனி வார்த்தவர் பெயரையோ அத்திருமேனிகளின் அருகே காண்கிலேம். குன்றிமணி எடையும் தவறாது பொறித்தவர்க்கு இஃது எங்ஙனம் விடுபட்டது!

அடியேன் ஒருகால் சுவாமிமலையில் வார்ப்பொன்றைக் கண்டு நின்றேன். கரு உடைத்தபோது உலோகம் பாயாமல் ஒரு திருக்கரம் குறைபட்டிருந்தது. பல நாள் உழைப்பு அது. முதிய ஸ்தபதியார் ஒன்றும் பேசாது திருமேனியை ஒரு துணியால் மூடிவிட்டு, மீண்டும் மெழுகைக் கையிலெடுத்தார்.

இம்மலரின் இறுதியில் உபயகாரர் பெயர்கள் அச்சாகின்றன. உற்சவத் திருமேனியை வார்த்த ஸ்தபதியார் பெயரையும், உலையூதிய உதவியாளர் இருவர் பெயரையும் அவ்வரிசையிற் சேர்க்குமாறு திருப்பணிக் குழுவினரை வேண்டினேன்; அன்புடன் இசைந்தனர்.