புகையிலை வணிகமும் வாய்ப்புற்றும்

நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் வரும் வள்ளங்கள் அணையும் துறை குறிகட்டுவான். அத்தீவுகளின் நோயாளர் யாழ்ப்பாணத்துப் பெருவைத்தியசாலைகளை நாடிச் செல்லும் வாயிலும் அதுவே. வெற்றிலைத் தட்டமின்றி வரவேற்பு நிறைவுறாத ஒரு சமூகத்தில், அந்நோய்களுள் வாய்ப்புற்றுத் தனித்து நோக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலையின் பெருஞ்சந்தை திருவிதாங்கூராகும். அங்கு அது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் மெல்லப்பட்டது. அந்நாட்டின் நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனையிற் பணியாற்றிய பென்டால், 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908இல் எழுதினார். அவர்களுட் பலர் வாய்ப்புற்று உற்றவர். மெல்லும் வழக்கமே அதற்கு ஏது என்பது அவர் கருத்து. விளைந்த நாட்டிற் காசாகவும் நுகர்ந்த நாட்டில் நோயாகவும் அப்பயிர் வெளிப்பட்டது எனலாம். விளைவித்தோரும் அதனை மென்றனர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. பழி நெடுங்காலம் புகையிலைமேலேயே இருந்தது. பாக்குத் தனித்தும் புற்றாக்கவல்லது என்ற சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு 2004இலேயே நூலாக வெளிவந்தது.

புற்று ஒரே நோயன்று. வாய், தோல், குடல் என்பவற்றின் மேலணியில் தோன்றுவது காசினோமா; என்பு, தசை முதலியவற்றில் தோன்றுவது சாகோமா; குருதியாக்குங் கலங்களில் தோன்றுவது இலியூக்கேமியா. வாய்ப்புற்றுப் பெரும்பாலும் முதல் வகையினது.

உடல் இதற்கு வாளாவிருப்பதில்லை. பிறழ்ந்த கலத்தின் மேற்பரப்பிலே தென்படும் மாறிய புரதத் துணுக்குகளை ரீ நிணநீர்க்கலங்கள் இனங்கண்டு, அக்கலத்தைத் துளைத்து அழிக்கின்றன. அடையாளத்தையே மறைத்துக்கொள்ளுங் கலத்தை இயற்கைக் கொல்லிக் கலங்கள் தாக்குகின்றன. போல் எர்லிக் 1909இல் ஊகித்த இக்காவலைப் பேர்னற் 1950களிற் கோட்பாடாக்கினார். எனினும் காவலரை ஏய்க்கும் வழியையும் புற்றுக்கலம் அறியும். ரீ கலத்தில் இயல்பாகவே அமைந்துள்ள தடையொன்றை அது இயக்கி, அக்கலத்தை ஓயச் செய்கின்றது. அத்தகைய தடைகளை விலக்கும் நெறியைக் கண்ட அலிசன், ஹொன்ஜோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். முற்றிய வாய்ப்புற்றுக்கு இம்மருந்துகள் 2016 முதல் அமெரிக்காவிற் பயன்படுகின்றன. எல்லா நோயாளரிடத்தும் அவை பயன் தருவதில்லை.

சிகிச்சைக்குப் பெரிதும் மகரகமையை நம்பியிருந்த வடபுலத்தார்க்கு, 2013இல் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டமை பேருதவியாயிற்று. ஆயினும் நெடுந்தீவாருக்குக் கடல் எஞ்சியே நிற்கின்றது. கன்னத்தின் உட்புறத்து வெண்படலத்தையோ ஆறாப் புண்ணையோ பல்வைத்தியர் தொடக்கத்திற் கண்டால், சிறு சத்திரசிகிச்சையே பலருக்குப் போதும். முற்றியபின் கதிர்ச்சிகிச்சை வேண்டின், கிழமைக்கு ஐந்து நாளாக ஆறேழு கிழமை செல்லவேண்டும். நாள்தோறும் குறிகட்டுவானுக்கு வள்ளமேறி மீள இயலாத அந்நோயாளர், அவ்வளவு காலமும் வீட்டைப் பிரிந்து குடாநாட்டில் தங்கவேண்டியவராகின்றனர்.